மணல் தூசியும் அறுபது மாதக் கெடுவும்

மணல் என்றதும் ஆற்று மணலும், வீடு கட்டும் மணலுமே நம் நினைவுக்கு வரும். கண்ணாடித் தொழிலுக்கும், இரும்பு வார்ப்படத்துக்கும், தண்ணீர் வடிகட்டும் நிலையங்களுக்கும் போகின்ற வெள்ளை மணல் வேறு. சிலிக்கா மணல் என்பது அதன் பெயர். பேராவிலும் சிலாங்கூரிலும் ஈயம் எடுத்து முடிந்த பழைய லம்பங்களில் அது குவிந்து கிடக்கிறது. ஜொகூர், திரெங்கானு கரையோரங்களிலும், சபா சரவாக்கிலும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது பால்மரத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே போனார்கள்? கிடைத்த வேலைக்குப் போனார்கள். மணல் ஆலைக்கும், வார்ப்படச் சாலைக்கும், கல்லறுக்கும் பட்டறைக்கும் போனவர்களும் அவர்களில் உண்டு. ஆகவே இது அயல் வீட்டு விவகாரமன்று.

மணல் எடுப்பதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, நிலத்திலிருந்து மணலை அப்புறப்படுத்த நில அலுவலகத்தின் பெர்மிட் வேண்டும். மாநில அரசாங்கத்துக்கு ராயல்டி கட்ட வேண்டும். 2018-இல் கடல் மணல் ஏற்றுமதியைக் கூட்டரசு தடை செய்தது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆற்றங்கரை இடிந்தால் முதலில் இடிவது ஏழையின் குடிசைதான் என்பதை நாம் அறிவோம். ஆனால் மணலுக்கு இத்தனை காவல் போட்ட அரசாங்கம், அம்மணலைச் சலித்து மூட்டை கட்டுகிறவனுடைய நெஞ்சுக்கு என்ன காவல் போட்டிருக்கிறது என்பதே இன்று நாம் கேட்க விரும்பும் கேள்வி.

வேலை நடக்கும் விதத்தைச் சற்றுப் பார்ப்போம். குட்டையிலிருந்து உறிஞ்சிய மணலை முதலில் கழுவுகிறார்கள், களிமண் போகிறது. பிறகு உரசித் தேய்த்து இரும்புக் கறையைப் போக்குகிறார்கள். கறை இருந்தால் கண்ணாடி பச்சை பாயும். இதுவரை எல்லாம் ஈரம், ஆபத்துக் குறைவு. அதற்குமேல்தான் சங்கடம். மணலைச் சுழலும் உலையிலிட்டு உலர்த்தி, சல்லடையில் ஆட்டி, பருமன் வாரியாகப் பிரித்து, மூட்டையில் கொட்டுகிறார்கள். சில இடங்களில் மாவாகவே அரைக்கிறார்கள். அப்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரிகிறது மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். நுரையீரலின் அடிவரை போவது தலைமயிரின் கனத்தில் பத்திலொரு பங்குக்கும் குறைவான துகள். அது கண்ணுக்குத் தெரியாது. கொட்டகை சுத்தமாக இருக்கிறதென்று நிர்வாகி காட்டுகின்ற இடத்திலும் அது மிதக்கக் கூடும். முகத்தில் கட்டிய துண்டுத் துணி அதைத் தடுக்காது.

உள்ளே போன துகள் வெளியே வருவதில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயைக் குணமாக்க மருந்தில்லை. காசநோயும் இதன்மேல் எளிதில் வந்து ஏறிக்கொள்ளும். இத்தூசி புற்றுநோயும் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் முடிவு கூறிற்று. தூசி மிக அதிகமாயிருந்தால் சில ஆண்டுகளிலேயே ஆள் விழுந்துவிடுவான். பெரும்பாலும் அப்படியன்று, பத்து ஆண்டு, இருபது ஆண்டு, அதற்கு மேலும் கழித்தே மூச்சு இரைக்கத் தொடங்கும்.

இந்தக் காலக் கணக்கைத் தோழர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் 1969-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் சிலிக்கோசிஸைத் தொழில் நோய் என்றே அட்டவணையில் சேர்த்திருக்கிறது. நன்று. அந்த வேலையில் இருக்கும்போதோ, விட்ட அறுபது மாதத்துக்குள்ளோ நோய் கண்டால், அது வேலையால் வந்ததென்றே சட்டம் கொள்ளும். அறுபது மாதம் தாண்டினால்? நிரூபிக்கும் பாரம் தொழிலாளி தலையில்!

இருபத்தைந்து வயதில் மணல் ஆலையில் சேர்ந்து முப்பத்து மூன்றில் விலகி, பிறகு லாரி ஓட்டிப் பிழைத்த ஒருவனுக்கு நாற்பத்தெட்டு வயதில் மூச்சு முட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் எதைக் கொண்டு நிரூபிப்பான்? குத்தகைக்காரர் இருக்கும் இடம் தெரியாது. ஆலையின் பெயர்ப் பலகை மாறியிருக்கும். உடன் உழைத்தவர்கள் நாலா திசையும் போயிருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதே அரசாங்கத்தின் 2000-ஆம் ஆண்டு இரசாயனப் பொருள் விதிகள், சிலிக்கா தூசியில் உழைப்பவரை மருத்துவர் காலந்தவறாமல் சோதிக்க வேண்டும், அப்பதிவேடுகளை 30 ஆண்டுகள் காக்க வேண்டும் என்கின்றன. நோய் முப்பது ஆண்டு கழித்தும் வரலாம் என்று ஒரு சட்டம் அறிந்திருக்கிறது. மற்றொன்று ஐந்தாண்டோடு கதவைச் சாத்துகிறது. 2024 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த திருத்தம், உடனடி அபாயம் கண்டால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமையைத் தந்தது. வரவேற்கிறோம். ஆனால் இருபது ஆண்டு கழித்துக் கொல்லும் தூசியை உடனடி அபாயம் என்று எந்த மேலாளர் ஒப்புவார்?

கெடுவை நீட்டினால் பொய்க் கோரிக்கைகள் பெருகும், நிதி தாங்காது என்பார்கள். முதுகு வலிக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். சிலிக்கோசிஸுக்குச் சிலிக்கா தூசியைத் தவிர வேறு காரணம் கிடையாது. எக்ஸ்ரே படமும் வேலைச் சரித்திரமும் சேர்ந்து அதைக் காட்டிவிடும். இதில் பொய் சொல்ல இடம் ஏது?

வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் மறப்பதற்கில்லை. 2019 ஜனவரி முதல் அவர்களும் சொக்சோ வேலை விபத்துக் காப்பில் சேர்க்கப்பட்டனர். எனினும் நேப்பாளத்திலோ வங்காள தேசத்திலோ ஊர் திரும்பிப் பத்தாண்டு கழித்து இருமுகிறவன் எந்த அலுவலகத்தின் படியேறுவான்? 1930-களின் மந்தத்தில் நம்மவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி அனுப்பியபோது, அவர்களோடு போன நோய்களை யாரும் கணக்கிடவில்லை.

ஆகவே, சிலிக்கோசிஸ் மட்டிலுமாவது அறுபது மாதக் கெடுவை நீக்க வேண்டும். மணல் பெர்மிட் புதுப்பிக்கப்படும்போது, அம்மணலை உலர்த்தும் ஆலையின் தூசி அளவையும் மருத்துவச் சோதனைப் பதிவையும் கேட்டு வாங்க வேண்டும் என்று கோருகிறோம். உலர்ந்த மணலை மூடிய குழாயில் செலுத்துவதும், தூசியை உறிஞ்சும் விசிறி பொருத்துவதும், பெருக்குவதற்கு முன் தண்ணீர் தெளிப்பதும் முதலாளியைத் திவாலாக்கும் செலவல்ல.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்திலோ தாமானிலோ இத்தகைய வேலைக்குப் போய் வந்தவர் எவரேனும் இருப்பின், வேலைக்குச் சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஆலையின் பெயர், குத்தகைக்காரர் பெயர், செய்த வேலை ஆகியவற்றை எழுதி, சம்பளச் சீட்டும் சொக்சோ எண்ணும் இருந்தால் நகலெடுத்துக் கொடுங்கள். நெஞ்சுப் படம் எடுக்கப் போகும்போது, தாம் மணல் தூசியில் உழைத்ததை மருத்துவரிடம் அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெறும் காசம் என்றே எழுதி அனுப்பிவிடக் கூடும். விலகி ஐந்தாண்டு நிறையாதவர்கள் முதலில் வரட்டும். அவர்களுக்கு நாள் குறைவு.