ஜென்மத்துக்கும் வராது!

ஒரு சின்னக் கேள்வி. கடைக்குப் போய்ப் பசை வாங்கும்போது நீங்கள் என்ன கேட்பீர்கள்? ‘நல்லா ஸ்ட்ராங்கா ஒட்டுமா?’ அவ்வளவுதானே? கடைக்காரரும், ‘ஜென்மத்துக்கும் வராது சார்’ என்பார். காசைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவோம்.

இந்தக் கேள்வியே தப்பு என்கிறேன்.

நம்மைச் சொல்லிக் குற்றமில்லை. வண்டி கொள்ளாத ஜனம் ஒட்டிக்கொண்டு போகும் ஃபெவிகால் பஸ்ஸையும், குச்சியில் சொட்டு விட்டு மீன் பிடித்த ஃபெவிக்விக் விளம்பரத்தையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பசை என்றால் பிடித்த பிடியை விடக்கூடாது. அதுதான் அதன் ஒரே தகுதி என்று மனதில் பதிந்துவிட்டது. செருப்பு வார், பீங்கான் கப் விஷயத்தில் இதனால் பெரிய நஷ்டமில்லை. பிய்ந்தால் இன்னொரு சொட்டு.

ஆனால், இதே கேள்வியோடு பிள்ளைகளுக்கு அம்பு வாங்கப் போகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வில்வித்தையில் இந்தியாவுக்கு 9 பதக்கங்கள். அதில் காம்பவுண்ட் வில் பிரிவின் ஐந்து தங்கமும் நமக்கே. 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் சேர்கிறது. பிள்ளையை வில்வித்தை வகுப்பில் சேர்க்கப் பெற்றோர் ஆசைப்படுவதில் ஆச்சரியமில்லை. சந்தோஷம். ஆனால், வில்லைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிற அப்பா, அம்புக்குள் என்ன பசை இருக்கிறது என்று கேட்பதில்லை.

இன்றைய அம்பு மூங்கில் குச்சி இல்லை. உள்ளே வெற்றிடமான கார்பன் குழாய். அதன் முன்வாயில் அலுமினியத்திலோ பித்தளையிலோ ஒரு சின்ன உருளையைச் செருகி ஒட்டுவார்கள். அதற்குப் பெயர் இன்சர்ட். அதன் உள்ளே மரை இருக்கும். உலோக முனையை அதில் திருக வேண்டும். ஆக, முனைக்கும் அம்புக்கும் இருக்கிற ஒரே உறவு அந்தப் பசைதான். நல்ல காம்பவுண்ட் வில்லிலிருந்து கிளம்பும் அம்பு மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் போய், இலக்கில் ஒரு சாண் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது. அந்த அதிர்ச்சி முழுக்க அந்த ஒட்டின் வழியாகத்தான் போகிறது.

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு வங்கி ஊழியர், மகளுக்கு ஆறு கார்பன் அம்புகள் வாங்கினார். கடையிலேயே குயிக் பசை போட்டு இன்சர்ட் மாட்டிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் இரண்டு அம்புகளைப் பிடுங்கும்போது தண்டு மட்டும் கையோடு வந்தது. முனை இலக்குக்குள்ளேயே தங்கிவிட்டது. திரும்பக் கடைக்குப் போனார். “மேடம், இப்ப போடுறது ஜென்மத்துக்கும் வராது” என்று ஆறுக்கும் எப்பாக்ஸி போட்டுத் தந்தார்கள். உண்மையிலேயே வரவில்லை. ஆறு மாதத்தில் மகளுக்குப் பலம் கூடி, வில்லின் விசை கூடியது. அதற்கேற்ப அம்பை முன்பக்கம் கொஞ்சம் வெட்ட வேண்டும். வெட்ட வேண்டுமென்றால் இன்சர்ட் கழல வேண்டும். கடைக்காரர் என்ன செய்தார்? கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் கார்பன் தண்டையே தீயில் காட்டினார். இன்சர்ட் வந்தது. அம்பை லேசாக வளைத்துப் பார்த்த பயிற்சியாளர், படபடவென்று சத்தம் கேட்டதும் குப்பைத் தொட்டியைக் காட்டினார்.

முதல் முறை பசை தப்பு. இரண்டாம் முறை நல்ல பசைதான், ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தப்பு. மூன்றாம் முறை செய்ததற்குப் பெயர் அறியாமை. மூன்றுக்கும் பில் கட்டியவர் அந்த அம்மா.

குயிக் பசை, அதாவது சயனோஅக்ரிலேட், கெட்ட பசை இல்லை. அம்பின் பின்பக்கத்து இறகை ஒட்ட அதுதான் சௌகரியம். ஆனால் சாதாரண வகை காய்ந்தால் கண்ணாடி மாதிரி. இழுவிசையைத் தாங்கும், திரும்பத் திரும்ப விழும் அடியைத் தாங்காது. அடி தாங்குவதற்காக ரப்பர் கலந்த வகைகள் தனியாக உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு டியூபைக் கலந்து போடும் எப்பாக்ஸி, அடிக்கு அசையாது. ஆனால் ‘ஐந்து நிமிஷம்’ என்று அட்டையில் போட்டிருந்தால், அது இறுக ஆரம்பிக்கும் நேரம்தான். முழு பலத்துக்கு ஒரு நாள் விடுவது நல்லது. காலையில் ஒட்டி மாலையில் எய்துவிட்டு, பசை மோசம் என்று திட்டுவது நியாயமில்லை. இன்னொன்று, இது கிட்டத்தட்ட நிரந்தரக் கல்யாணம். பிரிக்க வேண்டுமென்றால் பலத்த சூடு வேண்டும். கார்பன் இழைகளைக் கட்டிப் பிடித்திருப்பதும் ஒரு வகைப் பிசின்தான். பசையை உருக்கும் சூடு தண்டையும் கெடுக்கும்.

மூன்றாவது ஹாட் மெல்ட். சூட்டில் இளகும், ஆறினால் இறுகும் பசைக் குச்சி. இணக்கமானது, அடியை வாங்கிக்கொள்ளும், தேவைப்பட்டால் கழற்றலாம். முனையை மட்டும் சூடாக்கி, குறடால் பிடித்து இழுத்தால் இன்சர்ட்டோடு வந்துவிடும். தண்டில் தீ படக்கூடாது. கார்பனுக்குக் குறைந்த சூட்டில் இளகும் வகையே நல்லது. இதற்கும் குறை உண்டு. அடர்த்தியான ஃபோம் இலக்கில் அம்பு பாய்ந்து நிற்கும்போது உராய்வில் முனை சூடாகிறது. உடனே இழுத்தால் பசை இளகி, முனை உள்ளேயே நின்றுவிடலாம். சித்திரை வெயிலில் மூடிய கார் டிக்கியில் அம்பை வைத்தாலும் அதே வம்பு.

அப்படியானால் எது நல்ல பசை? பார்த்தீர்களா, மறுபடியும் அதே கேள்வி! கேட்க வேண்டியது வேறு: ‘இது திரும்பக் கழல வேண்டிய நாள் வருமா?’

வளர்கிற பிள்ளைக்கு வரும். ஆறு மாதத்துக்கொரு முறை வில் மாறும், அம்பின் அளவு மாறும். அவர்களுக்கு ஹாட் மெல்ட் போதும். எல்லா அளவும் நிலைபெற்று, கனமான வில்லில் எய்கிற பெரியவருக்கு எப்பாக்ஸி. காமர்ஸ் படித்தவன் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: எந்தச் சொத்தை வாங்கினாலும் அதன் மிச்ச மதிப்பைப் பார்க்க வேண்டும். கழற்ற முடிந்த அம்புக்கு மிச்ச மதிப்பு உண்டு. ‘ஜென்மத்துக்கும் வராத’ அம்பு, அளவு மாறிய அன்றே பழைய இரும்புக் கடைக்காரன்கூட வாங்காத சரக்கு.

எந்தப் பசையானாலும் வேலையில் பாதி, ஒட்டுவதற்கு முன்னால் இருக்கிறது. தண்டின் உள்வாயை லேசாக உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் தூசியும் எண்ணெயும் போகத் துடைக்க வேண்டும். கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் அவசியம். ஐந்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் எத்தனை விலை உயர்ந்த பசையைப் போட்டாலும் அது தூசியோடுதான் ஒட்டும்.

‘கேவலம் பசைக்கு ஒரு பக்கமா?’ என்று கேட்பீர்கள். இலக்குக்குள் மாட்டிக்கொண்ட உலோக முனை மீது அடுத்த அம்பு போய் மோதினால் என்ன ஆகும், யோசியுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு எய்யும்போது உடைந்தால், சிலாம்பு ஏறுவது வில் பிடித்த கையில். அது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கை.

இதையெல்லாம் நேற்று கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள், மரப் பிசினில் செங்காவிப் பொடியைக் கலந்து கருவிகளுக்குப் பிடி ஒட்டியிருக்கிறார்கள். வெறும் பிசின் காய்ந்தால் நொறுங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்கிறது 2009-ல் வெளியான லின் வாட்லி குழுவின் ஆய்வு. குகை மனிதனுக்குத் தெரிந்தது, ஏ.சி. போட்ட கடையில் தெரியவில்லை!

கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? நிற்பதும் இழுப்பதும் விடுவதும் சொல்லித் தரும் பயிற்சி மையங்கள், ‘அம்பு ரிப்பேரா? கடையில குடுங்க’ என்று கை கழுவினால் அது பாதிப் பயிற்சிதான். சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்குச் செயின் மாட்டத் தெரிய வேண்டாமா?

அதனால், அம்பு வாங்கப் போகும் பெற்றோரே, உங்கள் அதிகாரத்தைப் பயன்படுத்துங்கள். என்ன பசை போட்டீர்கள், எத்தனை மணி நேரம் காயவிட்டீர்கள், கழற்றினால் எப்படிக் கழற்றுவீர்கள் என்று கேட்டு, பதிலை பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். பயிற்சி மையத்தில் மாதம் ஒரு மணி நேரம் அம்பு பராமரிப்பு வகுப்பு வேண்டும் என்று கேளுங்கள். ஃபீஸ் கட்டுவது நீங்கள்தானே? எய்வதற்கு முன் ஒவ்வொரு அம்பையும் லேசாக வளைத்துச் சத்தம் வருகிறதா என்று பார்க்கவும், முனையை ஆட்டிப் பார்க்கவும் பிள்ளைக்குப் பழக்குங்கள்.

அடுத்த முறை யாராவது ‘ஜென்மத்துக்கும் வராது’ என்றால், அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். “அது சரிங்க, எனக்கு வரணும்னா எப்படி வரும்?”