காருக்கு மூளைச்சாவு... அப்படின்னு சொன்னாங்க

மக்களே, ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டாததுக்குக் காரணம் தீசிஸ்னு நினைச்சீங்கன்னா உங்க நல்ல மனசுக்கு நன்றி. காரணம் என்னோட கார்.

பதிமூணு வயசான செகண்ட் ஹேண்ட் வண்டி. மாசசூசெட்ஸ் ஜனவரிக் குளிர்ல ரெண்டு நாள் நிறுத்தி வச்சா மூணாம் நாள் காலைல 'டிக் டிக்'னு சத்தம் மட்டும்தான் வரும். பாட்டரி சோதிச்சா நல்லா இருக்கு, சார்ஜ் ஏத்தினா 12.6 வோல்ட். ஒர்க்‌ஷாப்ல ஒருநாள் வச்சிருந்துட்டுச் சொன்ன தீர்ப்பு: "பாடி கண்ட்ரோல் மாட்யூல் போச்சு. மாத்தி, புரோகிராம் பண்ண 850 டாலர்." வண்டியோட விலையே அதைப்போல மூணு மடங்குதான். நமக்கு வர்ற ஸ்டைபண்ட்ல வாடகை போக மிஞ்சறது... வேணாம், அழுதுடுவேன்.

நம்ம ஊர் டாக்டருங்க எது வந்தாலும் 'வைரல் ஃபீவர்'னு சொல்லுவாங்களே, இப்ப கார் ரிப்பேர்ல அது 'கம்ப்யூட்டர் போச்சு'. இது நோயைக் கண்டுபிடிக்கறது இல்லை, கைவிரிக்கறதுங்கறது என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

பழைய வண்டியில சுவிட்சைப் போட்டா கரண்ட் ஒயர் வழியா நேரா பல்புக்குப் போகும். இப்ப அப்படி இல்லை. சுவிட்ச், கதவுப் பூட்டு, வைப்பர், ரிமோட் எல்லாம் அந்த மாட்யூல்கிட்ட விண்ணப்பம் போடும், அதுதான் பார்த்து செய்யும். மத்த மாட்யூல்களோட பேசறதுக்கு முறுக்கின ரெண்டு ஒயர். 1986ல பாஷ் கம்பெனி அறிமுகப்படுத்தின கேன் பஸ். வண்டியைப் பூட்டிட்டுப் போனா எல்லா மாட்யூலும் கொஞ்ச நேரத்துல தூங்கிடணும். தூங்கினா மொத்தக் கரண்ட் 0.05 ஆம்பியருக்குக் கீழ இறங்கிடும்.

என் வண்டியில மல்டிமீட்டரை வச்சு ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தேன். 0.6 ஆம்பியர்! கணக்கு போடுங்க. ஒரு நாளைக்கு 14 ஆம்பியர்-அவர், ரெண்டு நாளைக்கு 28க்கு மேல. 60 ஆம்பியர்-அவர் பாட்டரியில பாதி காலி. அந்தக் குளிர்ல மிச்சப் பாதி இஞ்சினைச் சுத்தப் பத்தாது.

ஒர்க்‌ஷாப்காரர் செஞ்சது ஒவ்வொரு ஃபியூஸா பிடுங்கிப் பார்த்தது. பாடி மாட்யூல் ஃபியூஸைப் பிடுங்கினதும் கரண்ட் இறங்கிடுச்சு, அதனால மாட்யூல் அவுட். எனக்கும் சரியாத்தான் பட்டுச்சு. நாமக்கல்ல லாரி எலெக்ட்ரீசியனா இருக்கற மாமாகிட்ட போன்ல புலம்பினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி:

"ஏன் மாப்ள, கேட் தொறந்து கெடக்குதுன்னு ஒருத்தன் சொல்லிட்டே இருந்தா வாட்ச்மேன் தூங்குவானா? முழிச்சிருக்கான்னு வாட்ச்மேனை மாத்துவியா, கேட்டைப் போய்ப் பாப்பியா?"

மனுசர் கேன் பஸ்ங்கற பேரையே கேட்டதில்லை!

அப்பதான் உறைச்சது. டேஷ்போர்டுல கதவு திறந்திருக்கற சிவப்பு லைட் எப்பவாவது மினுக்கும். பழைய வண்டிதானேன்னு விட்டுட்டேன் (அடிங்க என்னை). ராத்திரி உள் விளக்கு எரிஞ்சாலாவது கவனிச்சிருப்பேன். பாட்டரியைக் காப்பாத்தறதுக்காக மாட்யூலே கொஞ்ச நேரத்துல அதை அணைச்சிடும். விளக்குதான் அணையும், மாட்யூல் முழிச்சேதான் இருக்கும்.

என்கிட்ட இருந்த மலிவான ஸ்கேனர் 'கோட் எதுவும் இல்லை'ன்னு சாதிச்சுது. அது பொய் சொல்லலை. அமெரிக்காவுல 1996 மாடல்ல இருந்து எல்லாக் காருக்கும் கட்டாயமான அந்த ஓ.பி.டி. சாக்கெட் புகைச் சட்டத்துக்காக வந்தது. இஞ்சின் சம்பந்தப்பட்ட 'பி' கோடுகளை யாரும் படிக்கலாம். கதவு, விளக்கு, பூட்டு எல்லாம் பெரும்பாலும் கம்பெனியோட சொந்த பாஷை. லேப் சீனியர் ஒருத்தர்கிட்ட அந்த பாஷை தெரிஞ்ச ஸ்கேனர் இருந்துச்சு. ஒரு குளிர்ந்த காலையில மாட்டி நேரடித் தகவலைப் பார்த்தா: 'பின் இடது கதவு: திறந்துள்ளது'. கதவு சாத்தித்தான் இருக்கு! ஓங்கிச் சாத்தினேன், 'மூடியுள்ளது'.

கதவுப் பூட்டுக்குள்ள இருக்கற சின்ன சுவிட்ச். குளிர்ல ஒட்டிக்குது. பழைய வண்டி உடைக்கற இடத்துல அந்தப் பூட்டு 35 டாலர். மாத்தின அன்னிக்கு ராத்திரி மீட்டர் காட்டினது 0.03. 850 எங்க, 35 எங்க!

ஒர்க்‌ஷாப்காரரைத் திருடன்னு சொல்லலை. எல்லா கம்பெனி பாஷைக்கும் சந்தா கட்ட அந்தச் சின்னக் கடைக்கு முடியாது. அப்புறம் யூகத்துலதானே வண்டி ஓடும்? இதே மாநிலத்துல 2012ல ரிப்பேர் உரிமைக்கு மக்கள் ஓட்டுப் போட்டாங்க. 2020ல வண்டி கம்பியில்லாம அனுப்பற தகவலையும் சேர்த்து மறுபடி ஓட்டு, நாலுல மூணு பேர் ஆதரவு. உடனே கார் கம்பெனிகளோட சங்கம் கோர்ட்டுக்குப் போய் வருசக்கணக்கா இழுத்துச்சு.

திறந்து விட்டா திருட்டு கூடும்னு அவங்க சொல்றதுல நியாயம் இல்லாம இல்லை. ஹெட்லைட் ஒயர் வழியா கேன் பஸ்ல பொய்ச் செய்தி அனுப்பி வண்டியைக் கிளப்பிட்டுப் போற வித்தை 2023ல வெளிச்சத்துக்கு வந்துச்சு. சாவி சம்பந்தப்பட்டதைப் பூட்டி வைங்க, சரி. ஆனா 'எந்தக் கதவு திறந்திருக்கு'ங்கறதை, காசு கொடுத்து வாங்கினவன் படிக்கக்கூடாதா? படிக்கறது வேற, மாத்தி எழுதறது வேற. படிக்க விடறதுல எந்தத் திருடனுக்கு லாபம்?

உங்க வண்டிக்கும் இந்த 'மூளைச்சாவு' சர்டிபிகேட் கிடைச்சிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: மல்டிமீட்டரை பாட்டரியோட தொடர்ல மாட்டிட்டு இஞ்சினைக் கிளப்பாதீங்க, உள்ள இருக்கற ஃபியூஸ் போயிடும். எப்படித் தெரியும்னு கேக்கப்படாது :-) மஞ்சள் கனெக்டர் பார்த்தா கையை வைக்காதீங்க, அது ஏர்பேக். அங்க சோதனை முயற்சி வேண்டாம்.