கொழும்புக்கு மாற்றினால் சரிவருமா?

சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை ஒரே பேச்சுத்தான். பிள்ளைக்கு நாலு 'சீ', மூன்று 'எஸ்'. கணிதம் தப்பிப் பிழைத்திருக்கும். உடனே ஒரு மாமா வந்து சொல்வார்: "இங்க வெச்சிருந்தா உருப்படாது. கொழும்புல பெரிய ஸ்கூல் ஒண்டுல போடுங்க, எல்லாம் சரிவரும்." விடுகைப் பத்திரம் எடுக்க ஓட்டம். உம்மாவின் வளையல் அடகுக்கு. அதிபரைத் தெரிந்தவரைத் தேடி இன்னொரு ஓட்டம்.

சரி, அந்தப் பெரிய பாடசாலையின் பெறுபேறு யாருடையது? வெளியிலிருந்து உயர்தரத்துக்கு ஆள் எடுப்பதே சாதாரண தரத்தைப் பார்த்துத்தான். ஒன்பது 'ஏ'க்காரரைப் பொறுக்கிச் சேர்த்துவிட்டு, பிறகு அவர்கள் எடுத்த மூன்று 'ஏ'யைப் பதாகையில் போடுகிறார்கள். பொஸ்டனிலும் நியூயோர்க்கிலும் பரீட்சை வைத்து ஆள் எடுக்கும் பிரபல பாடசாலைகளைப் பற்றி ஜோஷுவா ஆங்கிரிஸ்ட் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மயிரிழையில் உள்ளே போனவருக்கும் மயிரிழையில் தவறவிட்டவருக்கும் பின்னைய பரீட்சைப் புள்ளிகளில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஒன்பதாம் ஆண்டில் காரணிப்படுத்தல் விளங்காத பிள்ளைக்கு இணைந்த கணித வகுப்பில் யார் அதைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்?

அடகுக்குப் போன வளையலைவிடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்கு. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில், கற்பிட்டியும் சிலாபமும் அடங்கிய நம் புத்தளமும் ஒன்று. கொழும்பு இல்லை, குருநாகலும் இல்லை. பாடசாலைப் பரீட்சார்த்தியின் மாவட்டத்தைத் தீர்மானிப்பது அவர் கடைசி வருடங்களில் படித்த பாடசாலை. வாப்பாவின் வீட்டு விலாசம் அல்ல. கொழும்பில் உயர்தரம் படித்த பிள்ளை கொழும்பு வெட்டுப்புள்ளியோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். காசு கொடுத்துச் சலுகையை விற்கும் வியாபாரத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

தமிழ்மொழி மூலம் பௌதிகவியல் படிப்பிக்க ஆளில்லாத ஊர்கள் இந்தக் கரையில் உண்டு, மறுக்கவில்லை. அங்கிருந்து பிள்ளை நகர வேண்டியதுதான். ஆனால் புத்தளம் நகரிலேயே சாஹிரா தேசிய கல்லூரியும் பாத்திமா மகளிர் கல்லூரியும் இருக்கின்றன; கற்பிட்டியில் அல் அக்ஸா இருக்கிறது. மாவட்டம் மாறாது, பிள்ளை இராச்சோற்றுக்கு வீட்டுக்கு வரும்.

முதல் தடவையில் பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால்? அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் நன்றாகப் படித்து, இரண்டு வருடத்தில் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு இங்கேயும் அப்படி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நம் அரச பல்கலைக்கழகங்களில் அந்த வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள இரண்டாம் வாசல்கள் வேறு: உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம், திறந்த பல்கலைக்கழகத்தில் உயர்தரம் இல்லாமலே அடிப்படைப் பாடநெறியில் தொடங்கலாம், என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமை வழியாகப் படிப்படியாக ஏழாம் மட்டத்துப் பட்டம் வரை போகலாம். இவற்றைச் சொன்னால் மாமாவின் முகம் சுருங்கும், கலியாண வீட்டில் சொல்லிக்கொள்ளப் பாடசாலைப் பெயர் ஒன்று கிடைக்காதே.

ஆட்கள் போகப் போக ஊர் விஞ்ஞான வகுப்பில் ஏழெட்டுப் பேர்தான் மிஞ்சுகிறார்கள். பிள்ளைகள் இல்லை என்று ஆசிரியரை இடம்மாற்றுகிறார்கள். ஆசிரியர் இல்லை என்று அடுத்த வருடம் அந்த ஏழு பேரும் போகிறார்கள். கொழும்பு அதிபரின் வாசலில் காத்துக்கிடக்கும் பெற்றோரில் பத்துப் பேர் ஒன்றாகப் புத்தளம் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய், "எங்கே எங்கள் பௌதிகவியல் ஆசிரியர்?" என்று கேட்டதாக இதுவரை என் காதில் விழவில்லை.