திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகலாமாம்!

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. புனேயில் பொட்டி தட்டிப் பிழைப்பவன். ஆனால் இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டவன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள், கை கழுவிவிட்டு வரவும்.

நம்மவர்களுக்கு உடம்பில் எங்கே வேண்டுமானாலும் வியாதி வரும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வரவே வராது. சுகர் என்றால் பெருமையாகச் சொல்வோம். கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியைப் பிட்டுக்கொண்டே "எனக்கு வெறும் வயித்துலயே நூத்தி எண்பது" என்று சொல்லும் மாமாக்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. பைபாஸ் ஆனவர் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டுவார். மூல நட்சத்திரம் என்றால் கூட ஜாதகத்தை நடுக்கூடத்தில் வைத்துச் சத்தமாகப் பேசுவோம். மூல வியாதி என்றால் மட்டும் குரல் இறங்கிவிடும். "ஒரு சின்ன ஆபரேஷன்", "ஹெர்னியா மாதிரி", "ஏதோ கட்டியாம்". போனில் கேட்கிறவரும் புரிந்துகொண்டு மேலே கேட்க மாட்டார்.

இந்தக் கூச்சம் நம் மானத்தைக் காப்பாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை ஐயா. அது வேறு யாரோ ஒருவருடைய கல்லாவை நிரப்புகிறது. அதற்கும் மேலே, நம் உடம்பு தேற வேண்டிய நாட்களைத் திருடிக்கொள்கிறது.

முதலில் கல்லா கதை. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுகளில் "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு" என்ற போர்டைப் பார்க்காமல் வளர்ந்தவர் யாருமில்லை. ரயிலேறி வடக்கே வந்தால் தண்டவாளத்து ஓரச் சுவரெல்லாம் ஹிந்தியில் 'பவாசீர்'. மராத்தியில் மூள்வ்யாத், கன்னடத்தில் மூலவ்யாதி, தெலுங்கில் மொலலு. மொழி மாறும், சுவர் மாறாது. இத்தனைக்கும் 1945-ம் வருட மருந்து விதிகளில் அட்டவணை 'ஜே' என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள நோய்களைக் குணமாக்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. மூலமும் பவுத்திரமும் அதில் உண்டு. அப்படியும் வியாபாரம் நடக்கிறதே, எப்படி? ஏமாந்தவன் புகார் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் வியாதியின் பெயரைச் சொல்ல வேண்டும். அவன் சொல்ல மாட்டான் என்பது போர்டு வைத்தவனுக்குத் தெரியும்.

படித்தவர்கள் நாம் லாட்ஜ் வைத்தியரிடம் போவதில்லை. நமக்கென்று வேறு சுவர் இருக்கிறது. செல்போன். ஒரு தடவை ராத்திரியில் 'பைல்ஸ்' என்று தேடிப் பாருங்கள், ஒரு மாதத்துக்கு விளம்பரம் துரத்தும். லேசர். கத்தி இல்லை. வலி இல்லை. காலையில் அட்மிட், சாயங்காலம் வீடு, திங்கட்கிழமை ஆபீஸ். நான் முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) டாக்டர் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு 'கவுன்சிலர்' உட்கார வைத்துப் பேசினார். வெள்ளிக்கிழமை செய்தால் திங்கட்கிழமை ஆபீசாம். எந்த நிலை மூலம் என்று யாருமே இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் பேக்கேஜ் விலை வந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். அடுத்துப் பார்த்த சர்ஜன் பரிசோதித்துவிட்டு ஒரே வரிதான் சொன்னார்: "மூணு வாரம் லீவு கிடைக்குமா? கிடைச்சா தேதி போடலாம்." அவரிடம்தான் செய்துகொண்டேன்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'டே கேர்' என்றால் ஆஸ்பத்திரியில் 24 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தீர்கள் என்று மட்டுமே அர்த்தம். இன்சூரன்ஸ்காரர்களின் கணக்கு அது. கட்டில் காலியாகிவிட்டது என்பதும் காயம் ஆறிவிட்டது என்பதும் ஒன்றல்ல.

ஏன் இத்தனை நாள் ஆகிறது? ஆசனவாயின் உள்ளே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. அதற்கு மேலே கத்தி பட்டாலும் பெரிதாக வலி தெரியாது. அதற்குக் கீழே இருப்பதோ விரல் நுனி மாதிரி உணர்ச்சியுள்ள தோல். அதனால்தான் ஆரம்ப நிலை உள்மூலத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பிவிட முடிகிறது. முற்றிய மூலத்துக்கு, அதாவது தானாக உள்ளே போகாமல் வெளியிலேயே நிற்கும் நிலைக்கு, பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்கிறார்கள். லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில் மில்லிகன், மார்கன் என்ற இருவர் 1937-ல் விவரித்த முறை இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதில் காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டுவிடுவார்கள், தானாக ஆற வேண்டும். முழுசாக ஆற 4 முதல் 6 வாரம். கால் முறிந்தால் காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். இந்த இடத்துக்கு எப்படி ஓய்வு கொடுப்பீர்கள்? தினமும் அந்தக் காயத்தின் வழியாகத்தான் எல்லாம் போயாக வேண்டும்.

"அதுக்குத்தான் புது டெக்னிக் வந்திருக்கே" என்பீர்கள். வந்திருக்கிறது. ஸ்டேப்ளர் முறையில் ஆரம்ப நாட்களின் வலி குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டனில் 777 பேரை வைத்து ஸ்டேப்ளரையும் பழைய வெட்டும் முறையையும் ஒப்பிட்டு, 2016-ல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வருடக் கணக்கில் பழைய முறை செய்துகொண்டவர்களே மேலாக இருந்தார்கள். தொல்லை திரும்ப வந்ததும் குறைவு, செலவும் குறைவு. எந்த முறை யாருக்கு என்பது நோயின் நிலையைப் பொறுத்தது. லேசரும் ஒரு கருவிதான், மந்திரக்கோல் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மூலம் உள்ள பெரும்பாலோருக்கு ஆபரேஷனே தேவைப்படாது. நார்ச்சத்து, தண்ணீர், முக்காமல் போவது, செல்போனைக் கழிப்பறைக்குள் எடுத்துப் போகாமல் இருப்பது, தேவைப்பட்டால் ரப்பர் பேண்ட். இதில் பேக்கேஜ் போட என்ன இருக்கிறது? அதனால்தான் விளம்பரத்தில் வருவதில்லை.

சரி, ஆபரேஷன் ஆனபிறகு என்ன நடக்கும்? கவுன்சிலர் சொல்லாததை நான் சொல்கிறேன்.

1. முதல் நாள் ராத்திரி. முதுகில் ஊசி போட்டுச் செய்தால் சிலருக்குச் சிறுநீர் வராமல் நின்றுவிடும். கூச்சப்படாமல் நர்சிடம் சொல்ல வேண்டும். அடக்கிக்கொண்டு படுத்திருந்தால் அவஸ்தை கூடும்.

2. இரண்டாம், மூன்றாம் நாள். முதல் தடவை போவது. பயம்தான் இங்கே பெரிய எதிரி. பயந்து அடக்கினால் இறுகும், இறுகினால் வலி இரட்டிப்பு. மலமிளக்கி, இசப்கோல், நிறைய தண்ணீர். டிரமடால் வகை வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும் என்பதால் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

3. வெந்நீர்த் தொட்டி. வெதுவெதுப்பான நீரில் 10, 15 நிமிடம் உட்காருவது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, போய்விட்டு வந்த பிறகு அவசியம். வெஸ்டர்ன் டாய்லெட்டின் மேலேயே பொருத்துகிற பிளாஸ்டிக் பேசின் மெடிக்கல் கடைகளில் கிடைக்கிறது. டெட்டால் ஊற்ற வேண்டாம். எரியும்.

4. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை. "எல்லாம் சரியாயிடுச்சு" என்று ஊருக்கு ராத்திரி பஸ் புக் பண்ணுவது இந்த நாட்களில்தான். திடீர் ரத்தப்போக்கு வரக்கூடியதும் இதே நாட்களில்தான். சொட்டு சொட்டாக வந்தால் பெரும்பாலும் பயமில்லை. கட்டி கட்டியாகவோ நிற்காமலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, நாளுக்கு நாள் ஏறும் வலி என்றாலும் காத்திருக்கக் கூடாது.

5. வேலைக்குத் திரும்புவது. இரண்டிலிருந்து நான்கு வாரம். திங்கட்கிழமை அல்ல.

நிற்க. இப்போது ஆபீஸ். நான் லீவு மெயிலில் வியாதியின் பெயரை எழுதியே கேட்டேன். "மூல நோய்க்கு ஆபரேஷன், மூன்று வாரம்." மேனேஜர் போன் பண்ணினார். லேசாகச் சிரித்துவிட்டு, "உட்கார்ந்துதானே வேலை, ஒரு வாரம் போதாதா?" என்றார். உட்காருவதுதான் சார் பிரச்சினையே என்றேன். லீவு கிடைத்தது. அதைவிட முக்கியம், விஷயம் பரவியபின் இரண்டு பேர் கேன்டீனில் தனியாக வந்து "எந்த டாக்டர்?" என்று கேட்டார்கள். ஒருவருக்கு நான்கு வருடமாக ரத்தம் போகிறதாம். வீட்டில் மனைவிக்கே தெரியாதாம். நான்கு வருடம்!

அதைத்தான் தாங்க முடியவில்லை. ரத்தம் போனால் மூலம் என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறோம். பெருங்குடல் புற்றுநோயிலும் அதே வழியாகத்தான் ரத்தம் வரும். குறிப்பாக நாற்பதைத் தாண்டியவர்கள், எடை குறைகிறவர்கள், போகும் பழக்கம் மாறியவர்கள், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தவர்கள் பரிசோதனை செய்யாமல் "சூடு" என்று மோர் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. கூச்சத்துக்கு உயிர் விலையா?

வீட்டுக்கு வருவோம். வெளி மாநிலத்தில் இருக்கிற நமக்கு அக்கம் பக்கத்தில் அத்தையும் சித்தியும் இல்லை. ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ ரயிலேறி வருவார்கள். அவர்களிடமும் "சின்ன ஆபரேஷன்" என்றுதான் சொல்லி வைப்போம். பாவம், அவர்களுக்குத் தெரிந்த ஆபரேஷன் பத்தியத்தைத்தான் அவர்கள் செய்வார்கள். காய் கூடாது, பழம் குளிர்ச்சி, கீரை ஆகாது. பால், பிரட், ரஸ்க், குழைந்த சாதம். இந்த ஆபரேஷனுக்கு இதைவிடப் பொருந்தாத சாப்பாடு இல்லை! நார் துளியும் கிடையாது. மூன்றாம் நாள் கல்லாக இறுகும். பெயரைச் சொல்லியிருந்தால் அதே அம்மா முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, கொய்யா, தோலோடு பருப்பு என்று அசத்தியிருப்பார். மறைத்த பொய் நேராகக் காயத்தில் போய் முட்டுகிறது.

பெண்களின் பாடு இன்னும் மோசம். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் மூலம் வருவது சகஜம். ஆனால் நம் வீடுகளில் பிரசவம் பார்த்த டாக்டரிடம் கூட இதைச் சொல்வதில்லை. ஆண் சர்ஜன் என்றால் பேச்சே இல்லை. ஒருவழியாக ஆபரேஷன் ஆனாலும் மூன்றாம் நாள் குக்கர் வைத்து, நான்காம் நாள் பிள்ளையின் ஸ்கூல் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்குகிறார்கள். கணவனுக்கு மூன்று வாரம் லீவு தர மேனேஜராவது இருக்கிறார். மனைவிக்கு லீவு யார் தருவது? நாம்தான் தர வேண்டும் கனவான்களே. அந்த மூன்று வாரம் சமையலறை நம்முடையது.

இன்சூரன்ஸ் விஷயத்திலும் வாயை மூடிக்கொண்டால் நஷ்டம்தான். சொந்தமாக எடுக்கிற பல பாலிசிகளில் மூலம், பவுத்திரத்துக்கு 2 வருடக் காத்திருப்பு உண்டு. 2020-ல் வந்த 'ஆரோக்ய சஞ்சீவனி'யிலும் அப்படியே. வேலை மாறும்போது கம்பெனி பாலிசி போய்விடும், நினைவிருக்கட்டும். கூச்சப்பட்டு விண்ணப்பத்தில் பழைய மூலத்தை மறைத்தால், பிறகு கிளெய்மை நிராகரிக்க அதுவே காரணமாகும்.

1978 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் மூல நோயால் அலுவல்களை ஒத்திவைத்தார். காரணம் பத்திரிகைகளிலேயே வந்தது. அணுகுண்டுக்குப் பொறுப்பான மனுஷன் சொல்லலாம், மாட்யூல் லீடுக்குப் பொறுப்பான நாம் சொல்லக்கூடாதா?

எனவே மக்களே, வியாதிக்குப் பெயர் இருக்கிறது, அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள். மனைவியிடம், கணவனிடம், அம்மாவிடம், லீவு மெயிலில், இன்சூரன்ஸ் ஃபாரத்தில். டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என் மூலம் எந்த நிலை? ஆபரேஷன் இல்லாமல் முடியுமா? முடியாதென்றால் எத்தனை நாளில் உட்கார முடியும்? மூன்றாவது கேள்விக்கு "திங்கட்கிழமை" என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பி.கு: இந்த ஆபரேஷன் ஆனவரைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஹார்லிக்ஸும் மிக்சரும் வாங்கிப் போகாதீர்கள். இரண்டு கிலோ கொய்யா, ஒரு பப்பாளி. போய் ரொம்ப நேரம் உட்காராதீர்கள். நீங்கள் உட்கார்ந்தால் மரியாதைக்கு அவரும் உட்கார வேண்டியிருக்கும்.