தரையினின்று எழுதல்

குழந்தை பிறந்த சில திங்களில் குப்புறக் கவிழ்கிறது, பின்பு தவழ்கிறது, பிறகு கையூன்றி எழுந்து தள்ளாடி நிற்கிறது. அன்று வீடே மகிழ்ச்சியில் திளைக்கிறது. ஆனால், அக்குழந்தை வளர்ந்தபின் தரையினின்று எவ்வாறு எழுகிறது என்பதை ஒருவரும் நோக்குவதில்லை. முதுமையில் தூணையும் பிறர் கையையும் தேடும் நாளிலேதான் எழுதலின் அருமை புலப்படுகிறது.

எழுதல் எளிய செயலன்று. கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகிய மூட்டுகள் நன்கு மடங்கவேண்டும். தொடையிலும் இடுப்பின் பின்புறத்திலும் உள்ள பெருந்தசைகள் உடலின் எடையை உயர்த்தவேண்டும். உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பும், கண்ணும், மூளையும் கூடி உடலைச் சாயாமல் காக்கவேண்டும். வலிமை, நெகிழ்ச்சி, சமநிலை, ஒத்தியக்கம் ஆகிய நான்கும் இவ்வொரு செயலில் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன. ஆதலின், உடலியக்கத் திறனை அளத்தற்கு இதனினும் எளிய அளவுகோல் காண்பது அரிது.

மருத்துவர் இதனை நெடுங்காலமாக அறிவர். தசைநலிவு நோயுற்ற சிறுவர் எழும்போது, கைகளைத் தம் தொடைமீது மாறி மாறி ஊன்றி, தம் உடல்மீதே தாம் ஏறுவார்போல எழுவர். 1879-ஆம் ஆண்டில் வில்லியம் கோவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இதனை விளக்கி எழுதினார். அந்நோய்க்குறி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

பிரேசில் நாட்டு மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோவும் அவர்தம் குழுவினரும் அமர்ந்தெழும் தேர்வு ஒன்றை வகுத்தனர். அமர்தற்கு 5 மதிப்பெண், எழுதற்கு 5. கையையோ முழங்காலையோ ஊன்றினால், ஒவ்வோர் ஊன்றுதலுக்கும் ஒரு மதிப்பெண் குறையும். தள்ளாடினால் அரை மதிப்பெண் குறையும். 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரை இவ்வாறு சோதித்துச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2012-இல் முடிவை வெளியிட்டனர். குறைந்த மதிப்பெண் பெற்றோரிடையே இறப்பு மிகுந்திருந்தது.

இதனைக்கொண்டு, எழப் பழகிய அளவிலே ஆயுள் நீளும் என்று முடிவு கட்டுதல் பிழையாகும். உள்ளே மறைந்த நோயே ஒருவரை எழவிடாமல் தடுத்திருக்கலாம். வெப்பமானி காய்ச்சலைக் காட்டுமேயன்றி அதனைத் தீர்க்காது. எனினும், எழும் திறனால் விளையும் நன்மை ஒன்று ஐயமற்றது. தனித்து வாழும் முதியவர் ஒருவர் கால் இடறி விழுகிறார் என்க. எலும்பு முறியவில்லை, காயமும் இல்லை. ஆயினும், எழ இயலாமையால் நெடுநேரம் தரையிலேயே கிடக்க நேரின், அவர் படும் துன்பம் எத்தகையது!

பாயில் அமர்ந்து உண்பதும் படிப்பதும் நம் இல்லங்களில் வழக்கம். அவ்வழக்கம் நாள்தோறும் பலமுறை எழும் பயிற்சியையும் உடன் தந்தது. இன்று மேசையும் நாற்காலியும் அவ்விடத்தைப் பெரிதும் பற்றிக்கொண்டன. நாற்காலி தீதென்பதில்லை, மூட்டுவலி உடையார்க்கு அது இன்றியமையாத துணை. உடல்வன்மை குன்றிய ஒருவரை எழும் திறனால் மதிப்பிடுவதும் எள்ளுவதும் பண்பாகா. அவ்வளவுகோல் தசையை அளக்குமேயன்றி மனிதரின் தகுதியை அளக்காது.

ஆனால், நோயற்ற இளைஞர் நாள் முழுதும் நாற்காலியிலேயே இருந்து, பெற்ற திறனைப் பேணாது விடுதல் தகுமோ? மாணவர் நாளும் சிறிது நேரமேனும் தரையில் அமர்ந்து படித்தல் வேண்டும். கையூன்றாது எழப் பழகுதல் வேண்டும். அதற்குப் பொருட்செலவு இல்லை, கருவியும் வேண்டா. பிள்ளைப் பருவத்தில் வருந்திக் கற்ற முதற்பாடத்தை முதுமை வரை மறவாதிருத்தலே அறிவுடைமையாகும்.