பெட்டிக்கடையும் பொட்டிக்கும்

தில்லி ஹவுஸ் காஸிலோ மும்பை பாந்த்ராவிலோ 'பொட்டிக்' என்று பலகை தொங்கும் கடைக்குள் நுழைகிறவர்கள், விலைச் சீட்டைப் புரட்டும் முன் ஒரு முறை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். பக்கத்துத் தெரு டெய்லர் அதே துணியை அதே நேர்த்தியில் தைத்துக் கொடுத்தாலும் அந்தத் தொகையைக் கேட்கத் துணியமாட்டார். கேட்டாலும் கிடைக்காது. பலகையிலிருக்கும் சொல்லுக்கும் சேர்த்துத்தான் காசு. அதன் பூர்வீகம் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் பேரம் பேசத் தைரியம் வரலாம்.

ஆங்கிலேயர்கள் இந்தியாவில் பொறுக்கிய சொற்களுக்கென்றே 1886இல் ஓர் அகராதி வந்தது. பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஏ.சி. பர்னெல். பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். நூல் அச்சாகும் முன்பே, 1882இல், இறந்துவிட்டார். அந்த அகராதியில் பொட்டிக்குக்கும் இடம் உண்டு. அது தரும் பொருள் இன்றைய கடைக்காரர்களுக்கு ரசிக்காது: சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் உள்ளூர்க்காரர் நடத்தும் சிறு கடை. சுருக்கமாக, பெட்டிக்கடை.

உடனே பெட்டிதான் பொட்டிக் ஆனது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒலி ஒத்துப்போவது தற்செயல். பெட்டி நம்முடையது. பொட்டிக் போர்ச்சுக்கீசியர் கப்பலில் 'பொட்டிக்கா'வாக வந்திறங்கியது.

அதன் மூலம் கிரேக்கத்தின் 'அப்போதேக்கே'. ஒதுக்கி வைக்கும் இடம், அதாவது கிடங்கு. லத்தீனுக்குப் போனதும் அங்கே ஒயின் ஜாடிகளும் சேர்ந்தன. அதன் பிறகு ஊருக்கு ஒரு வேஷம். ஜெர்மனியில் அப்போதேக்கே என்றால் மருந்துக் கடை. இத்தாலியில் 'பொட்டேகா' என்பது கடை மட்டுமல்ல, ஓவியர்களின் பட்டறையும்கூட. ஸ்பானியர்களின் 'பொதேகா' ஒயின் நிலவறை. அதுவே அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் போனதும் பாலும் ரொட்டியும் விற்கும் தெருமுனைக் கடையாகிவிட்டது. ஆங்கிலேயர்கள் மருந்து கலப்பவரை 'அப்பாத்திகரி' என்றார்கள். போர்ச்சுக்கீசிய மொழியில் அவர் 'பொட்டிக்காரியோ'. 1511இல் இந்தியா வந்து, பிறகு மலாக்காவில் கீழைநாட்டு வணிகம் பற்றிய பெரும் குறிப்பேட்டை எழுதிய தொமே பிரஸ் அந்தத் தொழில்காரர்தான்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தச் சொல்லில் எந்தப் பகட்டும் இருந்ததில்லை. அங்கே சாதாரணக் கடையும் பொட்டிக்தான். மெருகு ஏறியது லண்டனில். 1955இல் மேரி குவாண்ட் கிங்ஸ் ரோட்டில் இளைஞர்களுக்கான துணிக்கடை ஒன்றைத் திறந்தார். லண்டனின் பொட்டிக் மோகத்துக்கு வழிகாட்டிய அந்தக் கடைக்கு அவர் வைத்த பெயர் 'பஜார்'. பாரசீகச் சொல். நமக்குக் கேட்டுப் புளித்தது, அவர்களுக்குப் புதுமை. பதிலுக்கு நாம் பொட்டிக்கை வாங்கிக்கொண்டோம். 1987இல் மும்பையில் 'ஆன்சாம்பிள்' பல டிசைனர்களின் உடைகளை ஒரே கூரையின்கீழ் விற்கத் தொடங்கியது. ஹவுஸ் காஸ் கிராமத்தின் பழைய வீடுகள் காட்சிக் கூடங்களாக மாறியதும் அதே காலத்தில்தான். பிறகு துணியோடு நிற்கவில்லை: சில அறைகளே உள்ள விடுதி, பொட்டிக் ஹோட்டல். சின்னதாக இருப்பதற்கே தனி விலை.

தமிழ்நாட்டில் பழைய பொருள் சுவடில்லாமல் மறைந்துபோனது. கூரை போட்டு வாழைப்பழத் தார் தொங்கவிட்டவரின் கடையை ஒரு காலத்தில் துரைமார் பொட்டிக் என்றார்கள் என்பது அவருக்கே தெரியாது. இப்போது அவர் பலகையில் இங்கிலீஷில் இருப்பது 'பெட்டி ஷாப்'. சில்லறை, அற்பம் என்ற பொருள் தரும் 'பெட்டி' அது. பெட்டிக்கு வாய்த்த மொழிபெயர்ப்பு அப்படி.

இலங்கையில் மட்டும் பழைய பொட்டிக்குக்கு உயிர் இருக்கிறது. சிங்களத்தில் கடைக்குப் பெயர் 'கடே'. தமிழ்க் கடைதான் அது. ஆனால் அங்கத்திய ஆங்கிலத்தில் சாலையோரத் தேநீர்க் கடை 'டீ பொட்டிக்'. பிளேன் டீ, பனிஸ், சிகரெட் கிடைக்கும். கொழும்பிலும் டிசைனர் பொட்டிக்குகள் வந்தாயிற்று. முகவரி விசாரிப்பவர் சேலையா, தேநீரா என்று முதலில் சொல்லிவிடுவது நல்லது.