உடையும் மெய்ப்பாடும்

ஜப்பானிய நடிகர் சித்திரங்களைக் காண்போருட் பலர் ஆடைகளின் வண்ணத்திலே மனம் பறிகொடுத்து, இவற்றிற் பட்டுத்துணியன்றி ஆள் இல்லையென்று குறை கூறுவர். வேறு சிலர், இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரில் 1794-ஆம் ஆண்டில் தோன்றிய ஷராக்கு என்பாரை மட்டும் விலக்காக்கி, அவர் முகத்தையே எழுதினார், உடையைப் பொருட்படுத்தினாரல்லர் என்பர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பது என் துணிபு.

காபுகி மேடையில் உடை வெறும் அலங்காரமன்று. ‘ஷிபாராகு’ என்னும் நாடகத்து வீரன், பாய்விரித்தாற்போன்ற சதுரக் கைகளையுடைய செம்மண் நிற அங்கி பூண்டு வருவான். அக்கைகளில், ஒன்றனுள் ஒன்றாய் அமைந்த மூன்று சதுரங்கள் வெண்ணிறத்தில் விளங்கும். அவை அரிசி அளக்கும் மரப்படிகளின் உருவம். இச்சிகாவா தன்ஜூரோ என்னும் நடிகர் மரபினரின் சின்னம். கதைத்தலைவன் அங்கியில் நடிகனுடைய குலக்குறி! வேடம் இன்னது என்பதையும், வேடம் புனைந்தவன் இன்னான் என்பதையும் ஓராடையே ஒருங்கு உரைத்துவிடுகின்றது.

பெண்வேடத்தின் வரலாறு இன்னும் வியப்புடைத்து. 1629-இல் பெண்டிர் மேடையேறுதலை அரசினர் தடுத்தனர். 1652-இல் இளைஞர் நாடகத்தையும் தடுத்தனர். அதன்பின் நடிகர் முன்னெற்றி மயிரை மழித்துக்கொள்ளவேண்டியதாயிற்று. மழித்த இடத்தைப் பெண்வேடம் பூண்டோர் ஊதாத்துணியால் மூடினர். ஆண்மையை மறைக்க வந்த அத்துணியே நாளடைவிற் பெண்வேடத்திற்கு அடையாளமும் அழகும் ஆயிற்று.

இனி ஷராக்குவிடம் வருவோம். ஓதானி ஓனிஜி என்னும் நடிகர் எடோபெய் என்ற ஏவலாளாக வேடம் பூண்ட சித்திரத்தை நோக்குக. பின்புலம் அப்பிரகம் மின்னும் கருமை. கூரிய மூக்கு, இறுகிய வாய், ஒருங்கு நெருங்கிய விழிகள். ஆடை மார்பிற் பிளந்த இடத்தினின்று இரு கைகள் விரல்களை விரித்து வெளிப்படுகின்றன. முகத்தோடு ஒவ்வாத சிறுகைகள் அவை. அளவு பிழைத்தது என்பாரும் உளர். பிழைத்தாற் பிழைக்கட்டும். பிறர் பொருளைப் பறிக்க வந்தவன் எடோபெய். புற்றிலிருந்து தலைநீட்டும் பாம்புபோல் அக்கைகள் ஆடையினின்று புறப்படுவதாலன்றோ அவன் நெஞ்சம் நமக்குப் புலனாகின்றது? அவ்வாடையை நீக்கிப் பாருங்கள். கைகள் வெறுங்கைகளாய் நிற்கும்.

அவர் எழுதிய பெண்வேடங்களே பெரும் வழக்குக்கு இடமானவை. செகாவா தோமிசாபுரோவை யாதொரிகி என்னும் மனைவியாக எழுதியபோது, பெண்ணுக்குரிய கொண்டையையும் உடையையும் குறைவறத் தீட்டி, அவற்றினிடையே ஆணின் நீண்ட முகத்தை ஒளியாமல் வைத்தார். தோயோகுனி முதலிய பிறரோ, காண்போர் விரும்பிய எழிலையே பெரிதும் அளித்தனர். ஷராக்கு உண்மையை அளவுகடந்து நாடினார், அதனால் நிலைபெற்றிலர் என்னும் கருத்துப்பட எழுதினார் ஓதா நன்போ என்னும் அக்காலப் புலவர். ஏறத்தாழப் பத்துத் திங்களில் நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட சித்திரங்களை அளித்து ஷராக்கு மறைந்தது மெய்யே. ஆயினும், அவர் நடிகரை எள்ளினார் என்பதை யான் ஒப்பேன். பெண்ணாகவே பிறந்தவர்போற் காட்டிவிட்டால், நடிகர் பட்ட பாடு எங்கே தெரியும்? உடை ஒன்று சொல்ல முகம் வேறொன்று சொல்லும் அப்போராட்டமே நடிப்பு. அதனை எழுதியவர் நடிகரைப் பெருமைப்படுத்தியவரே ஆவர். பிற்பகுதியில் முழு உருவங்களை எழுதப்புகுந்தபோது அவர் கை தளர்ந்தது. அங்கே ஆடை விரிய முகம் சுருங்கிற்று. அதனையும் மறைத்தல் தகாது.

1842-இல் அரசினர் நடிகர் சித்திரங்களை அறவே தடுத்தனர். சில ஆண்டுகளின் பின் குனியோஷி என்பார், பண்டகசாலைச் சுவரில் யாரோ ஆணியாற் கிறுக்கியவைபோலச் சில முகங்களை வரைந்து வெளியிட்டார். பட்டும் இல்லை, வண்ணப்பகட்டும் இல்லை. எனினும் முகச்சாயலைக்கொண்டே நடிகரை இனங்காண முடிந்தது. உடை வேண்டுவதில்லை என்பதற்கு இதனையே சான்றாகக் காட்டுவர். அம்முகங்களைக் கண்டு யானும் நகைக்கின்றேன். ஆயின், எடோபெய்யின் கைகளைக் கண்டு ஒருகணம் பின்வாங்குவதுபோல, அவற்றுள் ஒன்றன்முன்னும் யான் பின்வாங்கியதில்லை.